திரையில் இல்லாத களிமண்

போன வருஷம் ஐப்பசி மழை பிடித்திருந்த சமயம் அது. விருத்தாசலத்தில் நான் இயற்பியல் எடுக்கும் பள்ளியில், ஆய்வகக் கூரை ஒழுகுகிறது என்று பூட்டி வைத்திருந்தார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. ஸ்மார்ட் போர்டில் மெய்நிகர் ஆய்வகத்தைத் திறந்தால் பேட்டரி, ஒயர், பல்பு எல்லாம் தயாராக இருக்கும். எதுவும் உடையாது, எனக்கும் தொண்டை வற்றாது.

அன்றைக்கு மின்கடத்திப் பாடம். திரையில் நாணயத்தை இணைத்தால் பல்பு எரிந்தது, ரப்பரை இணைத்தால் அணைந்தது. "பீங்கான் இல்லையா மிஸ்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். எங்கள் ஊரில் நிறைய வீடுகளில் யாராவது ஒருவர் பீங்கான் வேலைக்குப் போகிறவர், கேட்கத்தானே செய்வார்கள். தேடிப் பார்த்தேன், இல்லை. "அது கரண்டைக் கடத்தாது, எழுதிக்கோங்க" என்று சொல்லி அடுத்ததற்குப் போய்விட்டேன்.

மணி அடித்ததும் ஒரு மாணவி மேஜையருகே வந்து நின்றாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். "அப்ப எங்கம்மாவுக்கு மட்டும் ஏன் மிஸ் ஷாக் அடிக்குது?" என்றாள்.

அவள் அம்மாவுக்குப் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் சிறிய பட்டறையில் வேலை. மண் பிசையும் மெஷினிலிருந்து ஈரமண்ணை எடுக்கும்போதெல்லாம் கை சுர்ரென்கிறதாம். "பீங்கான்ல எப்படிம்மா கரண்டு வரும், உனக்கு நரம்புத் தளர்ச்சி" என்று முதலாளி சிரித்திருக்கிறார். கூட வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மாவும் நம்பிக்கொண்டு டானிக் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

சுட்ட பீங்கானைப் பற்றித்தான் புத்தகத்தில் படித்திருக்கிறேன், சுடாத ஈரமண்ணை யார் சோதித்துப் பார்த்தார்கள்? "அந்த மண்ணுல கொஞ்சம் எடுத்துட்டு வா. அம்மாவ மெஷின் பக்கமே போக வேணாம்னு சொல்லு" என்றேன்.

மறுநாள் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஓர் உருண்டை கொண்டுவந்தாள். வகுப்பு மொத்தமும் மேஜையைச் சுற்றி மொய்த்துக்கொண்டது. ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு சின்ன எல்இடி, நடுவில் அந்த மண். ஒயர்களைச் செருகினேன். எரியவில்லை. பின்னால் யாரோ களுக்கென்று சிரிக்க, அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எல்இடியின் கால்களை மாற்றிச் செருகிவிட்டேனோ என்று எனக்குச் சந்தேகம். திருப்பிச் செருகி, ஜன்னலைச் சாத்தச் சொன்னேன்.

சிவப்பாக, மெலிசாக எரிந்தது. அதே இடத்தில் அவள் கூடவே கொண்டுவந்திருந்த சுட்ட ஃபியூஸ் கட்டை ஒன்றை வைத்தோம், அணைந்துவிட்டது. மண்ணிலிருந்த தண்ணீரும் அதில் கரைந்த உப்பும் செய்த வேலை அது. எனக்குப் பயம் வந்தது. மண் கடத்துகிறது, அவள் அம்மாவுக்கு ஷாக்கும் அடிக்கிறது என்றால் அந்த மெஷினில் எங்கோ கரண்டு கசிகிறது என்றுதானே அர்த்தம்.

பள்ளி விட்டதும் அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அவள் அம்மா சுவரோரமாக உட்கார்ந்து கட்டைகளின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காலில் செருப்பில்லை. மற்றவர்கள் எல்லாருக்கும் கரண்டைத் தடுக்கும் ரப்பர் செருப்பு. "பாடம் நடத்த வந்துட்டீங்களா டீச்சர்?" என்றார் முதலாளி. பதிலுக்கு அவர் மேஜையிலேயே பேட்டரியையும் மண்ணையும் வைத்து அந்த எல்இடியை எரியவிட்டேன். அதைப் பார்த்தவர் எழுந்துபோய் மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார்.

மோட்டாருக்குள் ஒரு ஒயர் தோல் உரிந்து இரும்பு உடம்பில் உரசிக்கொண்டிருந்தது. எர்த் ஒயர் இணைக்கப்படவே இல்லை. "இந்த மழையில தரை மட்டும் நல்லா நனைஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்த எலக்ட்ரீஷியன், என் மாணவி பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப எனக்கு நரம்புல ஒண்ணும் இல்லைங்களே டீச்சர்?" என்று மறுபடி மறுபடி கேட்டார்.

இன்றைக்கும் மெய்நிகர் ஆய்வகத்தில்தான் பாடம் ஆரம்பிக்கிறேன், அதன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் மூடுவதற்கு முன்னால், "இதில் இல்லாதது உங்க வீட்டுல என்ன இருக்கு?" என்று ஒருமுறை கேட்காமல் விடுவதில்லை. அன்று அந்தப் பெண் கேட்காமல் போயிருந்தால், நான் எழுதச் சொன்ன ஒரு வரியை நம்பியே அவள் தன் அம்மாவை நம்பாமல் போயிருப்பாள்.