அக்காவின் பிரெஞ்சும் அப்பாவின் பாஸும்

எனக்குப் பிரெஞ்சு மொழியில் எதிர்காலம் மட்டும்தான் தெரியும். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் முழிப்பேன். நாளைக்கு என்ன சாப்பிடுவாய் என்றால் உடனே சொல்லுவேன். அதற்கு மேல் படிக்க வீட்டில் விடவில்லை. ஏன் விடவில்லை என்பதைத்தான், பிள்ளைகளே, சொல்ல வருகிறேன்.

அது இரண்டாம் உலக யுத்த காலம். திருகோணமலைத் துறைமுகத்தில் எங்கே பார்த்தாலும் போர்க்கப்பல். அப்பாவுக்கு டொக்யார்ட்டில், கப்பல் திருத்துமிடத்தில், தச்சு வேலை. பாஸை, அந்த அனுமதிச் சீட்டை, காட்டினால்தான் வாசலில் விடுவார்கள். பாஸ் போனால் வேலை போகும், வேலை போனால் எங்கள் ஐந்து பேருக்கும் சோறு போகும். அக்காவுக்குப் பதினாலு வயது. கொன்வென்ரில் ஒரு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி அவளுக்குப் பிரெஞ்சு படிப்பித்தார். அதை வீட்டுக்கு வந்து எனக்குப் படிப்பிப்பாள். வேறு ஆள் அவளுக்கு அகப்படவில்லை.

"இது லேசடா. முழுச் சொல்லையும் அப்பிடியே வைச்சிட்டு வாலை ஒட்டு. மான்ஜே எண்டா சாப்பிடுறது. மான்ஜெரே, சாப்பிடுவன். மான்ஜெரா, சாப்பிடுவாய்."

"எல்லாத்துக்கும் இதே வாலோ?"

"ஓம். சிலது குழப்படி செய்யும். அதைப் பிறகு பாப்பம்."

நான், நீ, அவன், நாங்கள் என்று ஆளுக்கொன்றாக ஆறு வாலையும் இரண்டு நாளில் பாடமாக்கிவிட்டேன். தெருநாயைப் பார்த்து "நீ ஓடுவாய்" என்றேன். அது ஓடவில்லை. ஆனாலும் எனக்குப் பெரிய சந்தோசம்.

அந்த நேரம் பார்த்து ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து சேர்ந்தது. அக்கா விடுவாளா? "கப்பல் வந்து அணையிற ஜெட்டிக்குப் போ. பத்துப் பேரிட்டைக் கேள். மறுமொழியைக் கொப்பியிலை எழுதிக்கொண்டு வா" என்று கேள்விகளையும் அவளே பிரெஞ்சில் ஆக்கித் தந்தாள். எப்போது போவீர்கள்? எங்கே போவீர்கள்?

ஜெட்டியில் ஒரு பெரிய பலகை நின்றது. அதில் உதட்டில் விரல் வைத்த ஒரு மனிதனின் படம். பல்லுவலி மருந்துக்கான விளம்பரம் என்றுதான் நினைத்தேன்; கப்பல் கதையை வெளியே பேசாதே என்ற யுத்த கால எச்சரிக்கை அது என்று பிறகுதான் தெரிந்தது. அதன் கீழே நின்றே கேட்கத் தொடங்கினேன். ஒருவன் நிலாவுக்குப் போவேன் என்றான். எழுதினேன். அடுத்தவன் நித்திரைக்குப் போவேன் என்றான். எழுதினேன். இன்னொருவன் என் கன்னத்தைக் கிள்ளினான். அதையும் எழுதினேன். ஒருவராவது ஒழுங்காக ஒரு நாளைச் சொல்லவில்லை. பாவம், சொந்த மொழியிலேயே இவர்களுக்கு எதிர்காலம் வராது போலிருக்கிறது என்று இரங்கினேன்.

ஏழாவது ஆளிடம் கேட்கும்போது காவல் சிப்பாய் ஒருவன் என் சட்டைக் கொலரில் பிடித்தான்.

மத்தியானம், டொக்யார்ட் வாசலடிக் கந்தோரில், காவல் அலுவலகத்தில், அப்பா நின்றார். மேசையில் என் கொப்பி கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அப்பாவின் பாஸ். கதிரையில் ஒரு வெள்ளைக்காரத் துரை. கப்பல் எப்போது போகும் என்று விசாரித்து எழுதச் சொன்னது யார் என்பதுதான் அவருடைய கேள்வி. "சின்னப் பெடியன், சேர்" என்றே அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். வேர்வையைத் துடைக்கவும் மறந்துவிட்டார்.

அக்காவைக் கூப்பிட்டு வந்தார்கள். "நான்தான் அனுப்பினனான். இது வீட்டுப்பாடம்" என்று இங்கிலீசில் சொன்னாள். தலையைக் குனியவில்லை. துரை நம்பவில்லை. கப்பலுக்கு ஆள் அனுப்பினார்.

தாடி வைத்த ஒரு பிரெஞ்சு அதிகாரி இரண்டு மாலுமிகளோடு வந்தார். கொப்பியை வாசித்தார். கன்னம் கிள்ளிய இடத்தில் தாடி கொஞ்சம் அசைந்தது. பிறகு என்னிடம் ஏதோ கேட்டார். எனக்கு ஒரு சொல்தான் விளங்கியது. ராந்த்ரே. வீடு திரும்புதல்.

"வாலை ஒட்டடா" என்று அக்கா காதுக்குள் சொன்னாள்.

கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினேன். நான் வீடு திரும்புவேன். நீ திரும்புவாய். அவன் திரும்புவான். "நூ ராந்த்ரெரோன்", நாங்கள் வீடு திரும்புவோம்.

அதிகாரி கையை உயர்த்தினார். அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தரம் என்றார். மூன்றாந்தரம் அந்த இரண்டு மாலுமிகளும் என்னோடு சேர்ந்து மெல்லச் சொன்னார்கள். அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தார். பிறகு துரையிடம் இரண்டு வார்த்தை சொன்னார். துரை பாஸை அப்பாவின் பக்கம் தள்ளிவிட்டார்.

வழியில் அப்பா அடிக்கவில்லை. சட்டைப்பையை, பாஸ் இருந்த இடத்தில், பொத்திப் பிடித்தபடி நடந்தார். "இனிப் பிரெஞ்சுப் படிப்பு வேண்டாம். யுத்தம் முடியுமட்டும் நேற்றையான் கதையை மட்டும் கதையுங்கோ. ரெண்டு பேருக்கும் விளங்குதோ?" என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அப்பாவுக்கும்.

"அக்கா, நான் எங்கை பிழை விட்டனான்?"

"ஒரு பிழையும் விடேல்லை."

"அப்ப ஏன் மூண்டு தரம் சொல்லச் சொன்னவர்?"

அக்காவுக்கும் தெரியவில்லை. அந்தப் பிரெஞ்சுக்காரரின் நாடு அப்போது ஜெர்மன்காரர் கையில் இருந்தது. வீட்டைக் கண்டு வருடக்கணக்காம். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அறிந்தது. அன்றைக்கு, என் உச்சரிப்புத்தான் சரியில்லை என்று எண்ணிக்கொண்டேன். அதனால் வீடு வந்து சேரும் வரைக்கும் "நூ ராந்த்ரெரோன், நூ ராந்த்ரெரோன்" என்று சொல்லிச் சொல்லித் திருத்திக்கொண்டே நடந்தேன்.