டின்மீன் டின்னில் செய்த இரண்டு கிலோ

கையிலிருந்த பிளாஸ்டரை வெட்டி எடுத்த மறுநாள் காலையில், தேத்தண்ணி ஊற்றப்போய், கேத்தலைத் தூக்க முடியாமல் நின்றேன். கேத்தலில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. வலது கை அதைப் பிடித்தது, ஆனால் தூக்கவில்லை. வலியும் இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். வலிக்காத கை ஏன் வேலை செய்யாது?

லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. மழை நாளொன்றில் பள்ளிக்கூடப் படியில் வழுக்கி விழுந்து முன்கை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தேன். ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த மிஸ் சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். சும்மா கிடந்த தசை மெலிந்துவிடும், முதலில் அரைக் கிலோ, பிறகு ஒரு கிலோ, பலம் வந்ததும் இரண்டு கிலோ தூக்க வேண்டும். முன்கையை மட்டுமல்ல, தோளையும் சேர்த்துப் பழக்க வேண்டும்.

அரைக் கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கும் தண்ணீர்ப் போத்தல் போதுமாக இருந்தது. இரண்டு கிலோவுக்கு வந்தபோது போத்தல் கைக்குள் அடங்கவில்லை. ஹட்டனில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் டம்பல்ஸ் பார்த்தேன். விலையைக் கேட்டுவிட்டு, அதை எடுத்த இடத்திலேயே மெதுவாக வைத்தேன். வரும்போது பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரு குழாய், இரண்டு பக்கமும் பாரம். அவ்வளவுதானே?

என் கணவர் கொழும்பில் மேசன் வேலை செய்கிறார், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டுக்குப் பின்னால் அவர் வைத்திருந்த சீமெந்து, மணல், கொஞ்சம் சல்லிக்கல், இரண்டு துண்டு இரும்புக் குழாய் எல்லாம் இருந்தன. பாரத்துக்கு அச்சாக, பெரிய டின்மீன் டின்களை, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா சேர்த்துத் தந்தார். எவ்வளவு கழுவியும் மீன் வாடை போகவில்லை. லயத்துப் பூனை இரண்டு நாள் அந்த டின்களைச் சுற்றியே வந்தது.

டின்னில் கலவையை ஊற்றிக் குழாயை நட்டேன். வெளியே மூட்டமும் தூறலும். இதில் காயாது என்று நினைத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்றாம் நாள் டின்னை வெட்டி எடுத்துத் தூக்கினால், குழாய் மட்டும் கையோடு வந்தது. சீமெந்து தரையில் விழுந்து மூன்று துண்டானது.

கணவருக்குப் போன் போட்டேன்.

"அடுப்புக்கிட்டயா வச்ச? சீமெந்து என்ன ரொட்டியா, சுட்டு எடுக்க?" என்று சிரித்தார்.

"காயணும்தானே?"

"காயக் கூடாது. இறுகணும். தண்ணி இருந்தாத்தான் இறுகும். ஈரச் சாக்கப் போத்தி வை. குழாய்ல ஓட்ட போட்டு, குறுக்கால ஒரு ஆணியச் சொருகு. அப்பத்தான் பிடிக்கும்."

இத்தனை வருஷம் ஒரு மேசனோடு குடும்பம் நடத்தியும், சீமெந்து காய்ந்துதான் கெட்டியாகிறது என்றே நினைத்திருந்தேன். ஈரச் சாக்குக்கு அடியில் ஒரு பொருள் கல்லாகிறது என்பது எனக்குப் புதினமாக இருந்தது. அடிக்கடி சாக்கைத் தூக்கி விரலால் தட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் இறுகியதும் திருப்பி மறுபக்கம் ஊற்றினேன். பத்து நாளில் இரண்டு டம்பல்ஸ் கிடைத்தன. பார்க்க அழகில்லை, ஆனால் உடையவில்லை.

இரண்டு கிலோ என்பது என் கணக்கு. உண்மையில் எவ்வளவு? தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது. அக்கா கொழுந்து பறிக்கிறவர். "சனிக்கிழம கொழுந்து நிறுக்கிற எடத்துக்கு வாங்க டீச்சர். எல்லாம் முடிஞ்சதும் தராசுல போட்டுப் பாப்போம்" என்றார்.

கொழுந்தெல்லாம் நிறுத்து முடிந்ததும், கணக்கப்பிள்ளை என் சாமான்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொக்கியில் மாட்டினார். ஒன்று இரண்டு கிலோ நூறு கிராம். மற்றது இரண்டு கிலோ நானூறு. ஒரே அளவு டின், ஒரே கலவை, எப்படி முந்நூறு கிராம் வித்தியாசம்? பிறகுதான் நினைவு வந்தது. ஒன்றைக் குச்சியால் நன்றாகக் குத்தி இறுக்கியிருந்தேன். அடுத்ததற்குள் கை ஓய்ந்துவிட்டது, அப்படியே விட்டுவிட்டேன். உள்ளே காற்று நின்றிருக்கும்.

அக்கா ஒன்றை வாங்கி ஆட்டிப் பார்த்தார். "இதுக்கா இவ்வளவு பாடு? நாங்க இருபது கிலோவத் தலையில மாட்டிக்கிட்டு எறங்குறோம்."

"பக்கவாட்டுல கைய நீட்டி, தோள் உசரத்துக்குத் தூக்குங்கக்கா. பத்து எண்ணுற வரைக்கும் இறக்கக் கூடாது."

நான் எண்ணினேன். நாலில் கை நடுங்கியது. ஐந்தில் இறங்கிவிட்டது. மற்றப் பெண்கள் சிரிக்க, அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னா டீச்சர் இது? இருபது கிலோ தூக்குற ஒடம்பு, ரெண்டு கிலோவுக்கு நடுங்குது?"

"உங்க கூடையக் குடுங்க" என்றேன். அதில் பாதி அளவுக்குக் கொழுந்தைப் போட்டு, கயிற்றை என் தலையில் மாட்டிவிட்டார்கள். ஏழெட்டு அடி நடந்திருப்பேன். கழுத்து பின்னால் இழுத்துக்கொண்டு போனது, கண் இருட்டியது. அக்கா ஓடிவந்து கூடையைத் தாங்கினார். கூடையைக் கழற்றிய பிறகுதான் விளங்கியது. அக்காவின் பாரம் தலையிலும் முதுகிலும் தங்குகிறது. கைகள் நாள் முழுக்க முன்னால்தான் ஓடுகின்றன, பக்கவாட்டில் பாரத்தோடு உயர்வதே இல்லை. அவருக்குப் பழகியது எனக்குப் பழகவில்லை, எனக்குச் சொல்லித்தந்தது அவருக்குப் புதிது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அக்கா எங்கள் வீட்டு இஸ்தோப்புத் திண்ணைக்கு வர ஆரம்பித்தார். கூடவே இன்னும் இரண்டு பெண்கள். பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டித் தூணில் கட்டி, இரண்டு கையாலும் பின்னால் இழுக்கிறோம். வேலை முடிந்து வந்தால் தோள் இரண்டும் முன்னால் மடங்கியே கிடக்கும், இழுத்தால் கொஞ்சம் விரியுது என்கிறார் அக்கா. எனக்கு மூன்று மாதத்தில் கை பழையபடி வந்துவிட்டது. ஆஸ்பத்திரி மிஸ் டம்பல்ஸின் படத்தை என் போனில் பார்த்து, எப்படிச் செய்தேன் என்று கேட்டுத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

போன வாரம் அக்கா பத்து வரை எண்ணி முடித்தார். கையை இறக்கியதும் ஒரு கேள்வி கேட்டார்.

"வலது கை பத்து எண்ணுது. இடது கை ஏழுலயே இறங்குது. கொழுந்து ரெண்டு கையாலயுந்தானே பறிக்கிறேன், அது ஏன்?"

"ரெண்டு கையும் ஒரே அளவாத்தான் ஓடுதாக்கா?" என்று கேட்டேன். "அப்ப பறிக்கிறப்ப எந்தக் கை கூடுதலா ஓடுதுன்னு நாளைக்கே பாத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அக்கா மறுபடியும் இடது கையை நீட்டினார்.