அக்கா எழுந்திருக்கவே இல்லை

எங்க அக்காவைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லணும்னா, அதுக்கு முன்னாடி எங்க சபைக்காரங்களை நாப்பது வார்த்தை திட்டணும். திட்டாம என்னால ஆரம்பிக்க முடியாது. வயிறு அப்படி எரியுது.

அக்கா கர்ட்டன் தைக்கிறவ. நான் அவகூட துணி வெட்டுற வேலை. கடைத்தெருவுல ஒரு மாடி அறை, ரெண்டு மெஷின், நடக்க இடமில்லாம ஒரு பெரிய மேஜை. ஒவ்வொரு வீட்டு ஜன்னலையும் அவளே போய் அளப்பா. மேல ஒரு தடவை, நடுவுல ஒரு தடவை, கீழ ஒரு தடவை. "சுவர் நேரா இருக்குன்னு கட்டினவரே நம்ப மாட்டார், நான் எதுக்கு நம்பணும்?"னு கேப்பா. பக்கத்து வீட்டுல தொங்குதேன்னு யாராவது கனத்த துணி கேட்டா, "உங்க வீட்டுக்கு வெளிச்சமே கம்மி, இதைப் போட்டா பட்டப்பகல்ல முட்டிக்கிட்டு விழுவீங்க"ன்னு சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்குவா. அத்தான் போனதுக்கப்புறம் அவளுக்கு உலகமே அந்த மெஷினும் சபையும்தான்.

எங்க சபையில ஒரு வழக்கம் உண்டு. முக்கியமான முடிவுன்னா போதகர் விஷயத்தைச் சொல்லி, "சம்மதிக்கிறவங்க எழுந்து நில்லுங்க"ம்பார். எல்லாரும் நின்னுட்டா, "ஏகமனசு! ஆவியானவர் பேசிட்டார்!"னு ஸ்தோத்திரம் சொல்லுவோம். புதுக் கார்பெட் வாங்கவும் அதேதான், ஆளை வெளிய தள்ளவும் அதேதான். உண்மை என்னன்னா, முன் வரிசை நின்னா பின் வரிசைக்கு மேடை மறைக்கும், அதனால அவங்களும் நிப்பாங்க. அதுக்குப் போய் ஆவியானவர் பேரைச் சொல்றாங்களே, நல்லா வருது வாயில!

சபைச் செயலாளருக்கு நாங்க வச்ச பேர் குக்கர். எப்ப விசில் அடிப்பார்னு யாருக்கும் தெரியாது. ஹாலைப் பெருக்குற அம்மா ஒருநாள், அவர் தன்னைக் கன்னத்துல அறைஞ்சிட்டார்னு அழுதாங்க. அவர் இல்லவே இல்லைன்னு சாதிச்சார். அடுத்த கூட்டத்துல போதகர், பொய் சொல்லிச் சபைக்குக் களங்கம் உண்டாக்கின அந்த அம்மாவை விலக்கச் சம்மதிக்கிறவங்க நிக்கலாம்னார். நாற்காலி எல்லாம் ஒரே நேரத்துல கிரீச்சுன்னுச்சு.

அக்கா எழுந்திருக்கலை. "அந்த அம்மா சொல்றது நிஜம் ஐயா. அன்னைக்கு நான் இதே ஹால்ல ஏணி மேல நின்னு கர்ட்டன் கொக்கி மாட்டிக்கிட்டிருந்தேன். அறைஞ்சதைப் பாத்தேன்"னா.

"இத்தனை பேருக்குத் தெரியாதது உனக்கு மட்டும் தெரிஞ்சிடுச்சாம்மா?"ன்னு கேட்டார் போதகர்.

"இத்தனை பேரும் ஏணி மேல இல்லையே, ஐயா."

நானும் உட்கார்ந்துதான் இருந்தேன். நியாயத்துக்காகன்னு சொன்னா அது பொய். அக்கா உட்கார்ந்தா, அதனால உட்கார்ந்தேன்.

அவ்வளவுதான், தொலைஞ்சோம். அந்த அம்மாவை விலக்கினதோட, ஏகமனசைக் கெடுத்தவங்கன்னு எங்க ரெண்டு பேருக்கும் திருவிருந்தை நிறுத்திட்டாங்க. அப்பமும் திராட்சை ரசமும் எங்க வரிசையைத் தாண்டிப் போகும். சபைக்காரங்க யாரும் கர்ட்டனுக்கு வரலை. அக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆச்சு, எட்டிப் பாக்க ஒரு நாய் வரலை. வீடு வீடாப் போய் ஜெபிக்கிற கூட்டம் அது! அக்கா ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு, வாசல்ல செருப்புச் சத்தம் கேக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பாப்பா. அந்தத் தலையைத் தூக்கினதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

ஜெபத்துல எனக்கு ஒரே விண்ணப்பம்தான். ஆண்டவரே, அந்தக் குக்கர் இதே ஹால்ல நாதியத்து நிக்கணும், அதை நான் கண்ணாரப் பாக்கணும். முன்னாடியே தைக்கக் குடுத்திருந்த போதகர் வீட்டுக் கர்ட்டன் ஒண்ணு பாதியில கிடந்துச்சு. அதோட ஒரு பக்கத்தை வேணும்னே ரெண்டு விரல் குட்டையா மடிச்சுத் தைச்சேன். அக்கா அத்தனையும் பிரிச்சா. "அவங்க செஞ்சதுக்கு ஜன்னல் என்னடி பண்ணும்?"னா. எனக்கு அவ மேலேயே ஆத்திரம் வந்துச்சு.

என் ஜெபம் கேக்கப்பட்டுச்சு. போதகரோட மச்சானையே குக்கர் கார் நிறுத்துற இடத்துல, எல்லாரும் பாக்க, பளார்னு ஒண்ணு விட்டுட்டார். உடனே அத்தனை பேருக்கும் ஞாபகசக்தி வந்திடுச்சு. என்னையும் திட்டினார், என்னையும் தள்ளினார்னு ஆளாளுக்குக் கிளம்பினாங்க. பெருக்குற அம்மாவைக் கூட்டிட்டு வந்து முன் வரிசையில உட்கார வச்சாங்க. எங்ககிட்ட மன்னிப்பா? மூச்! உங்க திருவிருந்து விஷயத்தை அப்புறமாப் பாக்கலாம்னுட்டாங்க.

அதுக்குள்ள சபையோட சாமான் அறை ஒரு மத்தியானம் தீப்பிடிச்சு எரிஞ்சுபோச்சு. சாவி குக்கர்கிட்டதான் இருக்கு, கோவத்துல அவரேதான் கொளுத்தியிருப்பார்னு பேச்சு பரவுச்சு. போன ஞாயித்துக்கிழமை கூட்டத்துல அவரை நடுவுல நிறுத்தினாங்க.

"அடிச்சேன், ஒத்துக்கறேன். தீ நான் வைக்கலை. அந்த நேரம் எங்கம்மாவோட ஆஸ்பத்திரியில இருந்தேன்"னார். அவங்கம்மாவுக்கு நினைவு தப்பி வருஷமாச்சு.

"யார் பாத்தாங்க?"ன்னு நாலா பக்கமும் கேட்டாங்க.

அவர் எங்க வரிசையைத் திரும்பிப் பாத்தார். என்னையும் அக்காவையும்தான் பாத்தார். தீப்பிடிச்ச அன்னைக்கு நாங்க அக்காவோட ஆபரேஷன் தையலைக் காட்ட அதே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். அவங்கம்மா வாயை அவர் துடைச்சுவிட்டுக்கிட்டிருந்தார். எங்களைப் பாத்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார். எரிஞ்ச நேரம் முழுக்க எங்க எதிர்லதான் உட்கார்ந்திருந்தார்.

நான் அக்கா கையைப் பிடிச்சு அழுத்தினேன். "வாயைத் திறந்தே, உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்"னு காதுல சொன்னேன்.

"தீ வச்சவரை விலக்கச் சம்மதிக்கிறவங்க எழுந்து நில்லுங்க"ன்னார் போதகர்.

கிரீச்! சபை மொத்தமும் நின்னுச்சு. அக்கா என் கையை விலக்கிட்டு, உட்கார்ந்தபடியே சொன்னா, "நான் பாத்தேன் ஐயா. அவர் ஆஸ்பத்திரியிலதான் இருந்தார்."

பெருக்குற அம்மா திரும்பி, "என்னை அறைஞ்ச கைக்கா நீ சாட்சி சொல்றே?"ன்னு கத்தினாங்க.

"உங்களுக்குச் சொன்னப்பவும் நான் பாத்ததைத்தானம்மா சொன்னேன்"னா அக்கா.

போதகர் என்னைப் பாத்து, "நீயும் கூடப் போயிருந்தியாம்மா?"ன்னு கேட்டார்.

நான் அப்பவே நின்னுக்கிட்டுதான் இருந்தேன். எல்லாரும் என்னையே பாத்தாங்க. எத்தனை நாளுக்கப்புறம் அத்தனை முகமும் பிரியமா என் பக்கம் திரும்பியிருந்துச்சு! இவங்களைத்தான் நான் அவ்வளவு நாளாச் சபிச்சேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது ஐயா"ன்னேன். அக்கா என்னைத் திரும்பிப் பாக்கலை.

குக்கர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வாசல் வழியா வெளிய போனார். நான் கேட்டபடியே, நாதியத்துப் போனார்.

அதுக்கப்புறம் திருவிருந்து. போதகரே ரசக் கிண்ணத் தட்டை எடுத்துக்கிட்டு எங்க வரிசைக்கு வந்தார். அக்காவைத் தாண்டி, "வா மகளே"ன்னு என்கிட்ட நீட்டினார். பக்கத்துல அக்கா மடியில கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா.

நான் வாங்கிக் குடிச்சேன்.