சாப்பாட்டு மேசையில் எட்டு வால்வுகள்

பெரியப்பாவைத் தெருவில் எல்லோரும் 'பவர்' என்றுதான் சொல்வார்கள். அதிகாரத்தால் வந்த பெயரல்ல. மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து காலமெல்லாம் லென்ஸ் தேய்த்தவர். எதிரே வருகிறவரின் கண்ணாடியைப் பார்த்தே, "இடது கண்ணு கூடிப்போச்சு போலிருக்கே, போய்க் காட்டுங்க" என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வரிசையில் நிற்கும்போதுகூட முன்னால் நிற்பவரின் கண்ணாடியைக் கேட்டு வாங்கிச் சட்டை நுனியால் துடைத்துக் கொடுப்பார். சிலர் நன்றி சொல்வார்கள். சிலர் நகர்ந்து நின்றுகொள்வார்கள்.

நான் அவருடைய தம்பி மகள். அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். கீழே யார் என்ன பேசினாலும் மாடிப்படி வழியாக என்னிடம் ஏறி வந்துவிடும்.

பெரியம்மா ஒரு சின்ன மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். அதை நடத்திய டாக்டரம்மா அதை மூடிவிட்டு மகனோடு இருக்கப் போனபோது, தன்னுடைய பழைய காரைப் பெரியம்மாவிடம் விட்டுப் போனார். வட்ட விளக்கும் உருண்ட முதுகுமாக, என்னைவிட வயதில் மூத்த கார். அதைப் பெரியம்மாதான் ஓட்டுவார். பெரியப்பாவுக்கும் ஓட்டத் தெரியும், ஆனால் லென்ஸ் தேய்ப்பது போல நுனி நுனியாக ஓட்டுவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவார்கள்.

ஒரு நாள் காலை பெரியம்மா கடைக்குப் போய்த் திரும்பியபோது காரின் முன்பக்கமெல்லாம் ஆவி. பெரியப்பா எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெய் பால் கலந்த தேநீர் போல இருந்தது. எங்கோ தண்ணீர் கசிந்து எண்ணெயில் இறங்கியிருக்கிறது.

"சூட்டைக் காட்டற முள்ளு சிவப்புக்குப் போயிருக்குமே. பாக்கலையா?"

"கவனிக்கல."

"எவ்வளவு தூரம் அப்படியே ஓட்டின?"

"அதான் கவனிக்கலன்னு சொல்றேன்ல."

பெரியப்பாவுக்கு அது பிடிபடவில்லை. வார்டின் அந்தக் கோடியில் ஏறும் குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துவிட்டதை இந்தக் கோடியிலிருந்து பார்க்கிறவள், கண்ணெதிரே இருக்கும் முள்ளை எப்படிக் கவனிக்காமல் விட்டாள்? என்னிடம் வந்து, "உன் பெரியம்மாவுக்கு ஏதாவது மனசுல ஓடுதாம்மா?" என்று கேட்டார். எனக்கு எதுவும் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

பெரியப்பா ஹெட்டை வீட்டிலேயே கழற்றிச் சரி செய்வது என்று முடிவெடுத்தார். ஹெட் என்பது எஞ்சினின் மூடி. மூடிக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவே கேஸ்கெட் என்று ஒரு மெல்லிய தகடு இருக்கும். அது எரிந்து ஓரிடத்தில் இற்றுப்போயிருக்க வேண்டும் என்றார். தெருமுனையில் லேத் பட்டறை வைத்திருப்பவர் கேள்விப்பட்டு வந்தார்.

"பவரண்ணே, கழட்டறது பெரிய விஷயமில்ல. திரும்ப மாட்டும்போது ரெண்டு நட்டு மிச்சம் இருக்கும் பாருங்க, அப்பதான் தூக்கம் போகும்."

"லென்ஸ் தேய்ச்சவனுக்கு வால்வு தேய்க்கத் தெரியாதாப்பா?"

"தெரியும் தெரியும். மாட்டிக்கிட்டா கூப்பிடுங்க."

நட்டுகளை ஒரேயடியாகத் திருகாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஹெட்டைத் தூக்கி வந்தோம். சாப்பாட்டு மேசையில் பழைய படுக்கை விரிப்பு விழுந்தது. எங்கள் தட்டுகள் மடிக்கு வந்தன. மண்ணெண்ணெய் வாடை சோற்றிலும் ஏறியது. பெரியம்மா இதற்கெல்லாம் சண்டை பிடிப்பார் என்று காத்திருந்தேன். அவரோ, "மெதுவாச் செய்யுங்க. அவசரமில்ல" என்று மட்டும் சொன்னார். கார் இல்லாமல் ஒரு நாளும் இருக்கமாட்டாதவர் அப்படிச் சொன்னது எனக்கே புதிதாக இருந்தது.

கேஸ்கெட் இரண்டு துளைகளுக்கு நடுவில் கருகிப்போயிருந்தது. ஹெட்டின் அடிப்பக்கம் சூட்டில் லேசாக வளைந்திருந்ததால் லேத்காரர் எடுத்துப் போய் இழைத்துச் சமமாக்கிக் கொடுத்தார். அதன்பிறகு பெரியப்பா வால்வுகளில் இறங்கினார். மொத்தம் எட்டு, நாலுக்குத் தலை பெரிசு, நாலுக்குச் சின்னது. நீளக் காம்பும் தட்டையான தலையுமாகச் சின்னக் குடைகள் போல இருக்கும். ஒவ்வொன்றும் ஹெட்டில் தன் குழியில் காற்றுப் புகாமல் உட்கார வேண்டும். குழியின் விளிம்பில் மணல் கலந்த பசையைத் தடவி, ரப்பர் முனை வைத்த குச்சியால் வால்வைப் பிடித்து, உள்ளங்கைகளுக்கு நடுவே குச்சியை உருட்டி உருட்டித் தேய்ப்பார். சுற்றிலும் ஒரே அளவில் சாம்பல் நிற வளையம் விழும்வரை விடமாட்டார். அந்த நாட்களில் அவர் முகத்தில் ஒரு களை வந்திருந்தது.

"ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பழகணும்மா. பழகினதுக்கப்புறம் மாத்தி வச்சா ஒழுகும்."

அதனால்தான் ஒரு செருப்புப் பெட்டி மூடியில் எட்டு ஓட்டை போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் எண் எழுதி, வால்வுகளை வரிசையாகக் குத்தி வைத்தார். எழுத்து எறும்பு அளவு. அதோடு விடாமல், ஒவ்வொரு வால்வின் தலையிலும் கூர் உளியால் தட்டிக் குழிப்புள்ளி வைத்திருந்தார். முதல் வால்வுக்கு ஒரு புள்ளி, இரண்டாவதற்கு இரண்டு, இப்படி.

எட்டும் தேய்த்து முடித்து, புதுக் கேஸ்கெட் வாங்கப் போய் வந்தார். வந்து பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் கடைசியாக ஒருமுறை பார்த்தவர், அப்படியே நின்றார். மூன்றாம் ஓட்டையில் ஐந்து புள்ளி வால்வு. ஐந்தில் எட்டு. இரண்டில் ஏழு. பெரிய தலைக்கான இடத்தில் பெரியதும் சின்னதற்கான இடத்தில் சின்னதும்தான் இருந்தன. எண்கள்தான் கலைந்து கிடந்தன.

"மேசைய யாராவது தொட்டீங்களா?"

அடுப்படியிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. "இல்லையே."

நான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தேன். எட்டிக்கூடப் பார்க்காமல், "நான் தொடல பெரியப்பா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

பெரியப்பாவுக்கு மாற்றி வைக்க மனம் வரவில்லை. தானே இப்படிக் குத்தியிருந்தால், தேய்க்கும்போதும் மாற்றித் தேய்த்திருப்போமோ? அப்படியானால் எது எதோடு பழகியது? யோசிக்க யோசிக்க அவருக்குத் தலை சுற்றியது. விரிப்பைப் போட்டு மூடிவிட்டார்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தார். சரி, வருவது வரட்டும் என்று விரிப்பை விலக்கினார். ஒன்றில் ஒன்று. இரண்டில் இரண்டு. மூன்றில் மூன்று. எட்டும் அதனதன் ஓட்டையில் சமர்த்தாக நின்றன.

மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் பூதக்கண்ணாடி இருந்தது.

"நேத்து மாறியிருந்துதே, நீ பாத்த இல்ல?"

"நீங்க சொன்னீங்க. நான் பாக்கல பெரியப்பா."

"பாக்கலையா? அப்ப நான் மட்டும்தான் பாத்தேனா?"

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய அக்கா கடைசிக் காலத்தில் தான் பெற்ற பிள்ளையையே பார்த்து, "நீ யாரு வீட்டுப் பையன்?" என்று கேட்டவர். அந்த நினைப்புதான் அவரைப் பிடித்துக்கொண்டது என்பது எனக்குப் புரிந்தது. அதன்பிறகு அவர் தன்னையே வேவு பார்க்க ஆரம்பித்தார். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பார், இழுத்தோமா என்று மறுபடி இழுப்பார். கடைக்குப் போனவர் எதற்கு வந்தோம் என்று நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். மறந்துவிடுவோமோ என்று நினைத்துக்கொண்டே போனதில் உண்மையிலேயே மறந்துவிட்டது. பழைய வாடிக்கையாளர்களின் பவரையெல்லாம் வாய்க்குள் ஒப்பித்துப் பார்த்தார். ஒப்பித்தது சரிதானா என்று சொல்ல ஆளில்லாததால் அதிலும் குழம்பினார். பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். அவர் தன் தட்டில் போட்டுக்கொண்ட சாப்பாடு அப்படியே திரும்பிப் போவதை நான் கவனித்தேன். கணவருக்காக வருந்துகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

கடைசியில் பெரியப்பா என்னிடம், மறதிக்குப் பார்க்கிற டாக்டர் யாராவது இருந்தால் நேரம் வாங்கித் தரச் சொன்னார். ஹெட்டை லேத்காரரிடம் ஒப்படைத்துவிடுவதாகவும் சொன்னார்.

"என் கையால பூட்டி, அது நடுரோட்டுல நின்னா உன் பெரியம்மால்ல மாட்டிக்குவா."

லேத்காரர் சாக்கோடு வந்தார். குனிந்து ஹெட்டைத் தூக்கப் போனவரைப் பெரியம்மா தடுத்தார்.

"வைங்க. அது இங்கயே இருக்கட்டும்."

"அண்ணன்தான் வரச் சொன்னாரு."

"அவருக்கு ஒண்ணுமில்ல." பெரியம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "துடைக்க வந்தேன். முழங்கை பட்டு அந்தச் செருப்புப் பொட்டி மூடி கவுந்துடுச்சு. நான்தான் எடுத்து வச்சேன்."

பெரியப்பாவுக்கு முதலில் எதுவும் ஏறவில்லை. "நீயா? நம்பர் போட்டிருக்கேனே. பாத்து வைக்க வேண்டியதுதானே."

"தெரியல."

"என்ன தெரியல? ஒண்ணு ரெண்டு தெரியாதா உனக்கு?"

"தெரியலங்க."

"எட்டு வரைக்கும் தெரியலங்கற. வெளையாடறியா?"

"கண்ணு தெரியலன்னு சொல்றேன்."

லேத்காரர் சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தார்.

பெரியம்மா சொல்லச் சொல்ல விஷயம் விளங்கியது. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறை. ஓரம் தெரியும். சுவர் தெரியும், கடிகாரம் இருப்பது தெரியும், மணி தெரியாது. ஒருநாள் காருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த சைக்கிள்காரர் காணாமல் போய், திடீரென்று பக்கத்துக் கண்ணாடிக்கு அருகில் முளைத்தார். அன்று ஆவி பறக்க வந்தபோது முள் சிவப்பில் இருந்ததோ கறுப்பில் இருந்ததோ, பெரியம்மாவுக்குத் தெரியவே தெரியாது. வால்வுகள் கவிழ்ந்ததும் பெரிசு சின்னதை விரலால் தடவிப் பிரித்து, ஏதோ ஒரு வரிசையில் குத்தி வைத்தார். பெரியப்பா கேட்டபோது பயத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார். பிறகு பெரியப்பா புள்ளிகளைப் பற்றிப் புலம்பியதைக் கேட்டு, அவர் தூங்கும் நேரத்தில் ஒவ்வொன்றின் தலையையும் விரல் நுனியால் தடவிப் புள்ளியை எண்ணிச் சரியாக அடுக்கினார். சரி செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்திருக்கிறார்.

"நான் பைத்தியம் புடிச்ச மாதிரி அலைஞ்சேனே. பாத்துட்டுத்தானே இருந்த?"

"கேட்டுட்டு இருந்தேன்."

"ஊருக்கெல்லாம் கண்ணு பாத்தவன் நான். எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீங்க பொட்டி நிறைய கண்ணாடி கொண்டாந்து போட்டுப் பாப்பீங்க. எதுவும் சரியா வராது. அது கண்ணாடியில தீர்ற விஷயமில்லன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு அது தெரியிற அன்னிக்கு நீங்க எப்படி உக்காந்துடுவீங்கன்னும் தெரியும். அதான் தள்ளிப் போட்டேன்."

பெரியப்பா கோபப்படுவதா அழுவதா என்று புரியாமல் மேசையைச் சுற்றி வந்தார். பெரியம்மா சொன்ன மாதிரியே அன்று மாலை பரணிலிருந்து லென்ஸ் பெட்டியை இறக்கினார். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பெரியம்மாவும் மறுக்காமல் முகத்தை நீட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் உதவவில்லை.

கண் டாக்டர் இரண்டு கண்ணுக்கும் இரண்டு விதமாகச் சொன்னார். வலது கண்ணில் போனது போனதுதான். இடது கண்ணில் ஊசி போட்டால் இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளலாம். பெரியப்பா, "எவ்வளவு நாளைக்கு?" என்றார். டாக்டர் போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றார். வெளியே வந்ததும் அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று பெரியப்பா என்னைக் கேட்டார்.

ஹெட்டை அவர்கள் இருவருமாகப் பூட்டினார்கள். வால்வின் காம்பைப் பிடித்து நிறுத்தும் பூட்டுகள் கடலைப்பருப்பு அளவுதான் இருக்கும். ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு பாதிகள். பெரியப்பா கருவியால் காம்பைச் சுற்றிய ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிப்பார், பெரியம்மா கிரீஸ் தொட்ட விரலால் பாதிகளை உள்ளே தள்ளுவார். நடுநடுவே சண்டையும் நடந்தது. "இப்ப விடவா?" "விடாதீங்க." "விட்டுட்டேன்." பூட்டு தெறித்து மேசைக்கடியில் ஓடும். நான்தான் தவழ்ந்து தேடுவேன். ஒழுகுகிறதா என்று வால்வுக் குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துப் பார்த்ததில் ஒரு சொட்டும் இறங்கவில்லை.

ஹெட்டைத் திரும்பக் காரில் ஏற்றி முடுக்கியதும் எஞ்சின் முதலில் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. எங்கோ டிக் டிக் என்று ஒரு சின்னச் சத்தம் மட்டும் வந்தது. லேத்காரர் காது வைத்துக் கேட்டு, "அது இருந்துட்டுப் போகட்டும்ணே" என்றார். அது எங்கிருந்து வருகிறது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

முதல் ஊசிக்குப் பெரியப்பாவே ஓட்டிப் போனார். பக்கத்தில் பெரியம்மா, பின்னால் நான். எஞ்சின் கதறுவதைக் கேட்டுப் பெரியம்மா, "கியர் மாத்துங்க" என்பார். மாற்றுவதற்குள், "மாத்திட்டேன்ல" என்று அவர் சொல்வார். இந்தப் பேச்சில் திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டார். நான் சொன்ன இன்னொரு திருப்பமும் தப்பு. மரம் அறுக்கும் மில் ஒன்றின் பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நின்றோம். தெரு அங்கே முடிந்துவிட்டது.

பெரியப்பா எஞ்சினை அணைக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார். முன்னால் பார்த்தபடி கேட்டார்.

"என் மூஞ்சி தெரியுதா உனக்கு?"

"நேராப் பாத்தா தெரியாது. இப்படிப் பாத்தா காது தெரியுது. கொஞ்சம் கன்னம்."

"எந்தப் பக்கம் திரும்பி உக்காந்தா உனக்கு வசதி?"

பெரியம்மா யோசித்தார். "ரோட்டைப் பாத்து உக்காருங்க. ஊசி போட நேரமாவுது."

மில் காவலாளி உள்ளேயிருந்து வந்து, காரை வெளியே எடுங்கள், லாரி வரப்போகிறது என்றார். நான் இறங்கிப் பின்னால் நின்று கையை ஆட்ட, பெரியப்பா நுனி நுனியாகக் காரைப் பின்னுக்கு எடுத்தார்.