துரைராசு தன் வண்டிக்குப் பார்த்த வைத்தியம்

வண்டியில் கோளாறு இருக்கிறது என்று ஊரே ஒப்புக்கொண்ட பிறகும் ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள், வண்டிக்குச் சொந்தக்காரரான துரைராசுதான்.

ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே அவருக்கு ஏழு மா நிலமும் பதினெட்டு வயதான ஒரு பிக்கப் வண்டியும் உண்டு. நிலத்தைக் குறை சொன்னால் சிரித்துக்கொள்வார். வண்டியைச் சொன்னால் அன்றைக்கு முழுக்கப் பேச மாட்டார். குறுவை வந்தால் நடவு மெஷினுக்கு நாற்றுத் தட்டு ஏற்றிப் போவார், அறுவடையில் மூட்டை. இடையில் யார் வீட்டுக் கன்றுக்குட்டியாவது சாணி போடாமல் படுத்துவிட்டால், அதைக் கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோகும் ஆம்புலன்ஸும் அதுதான்.

இந்தக் குறுவைத் தொடக்கத்தில் வண்டி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. முதலில் தினம் ஒரு சொம்பு. அப்புறம் இரண்டு. பிறகு, ஒரத்தநாடு போய்ச் சேருவதற்குள்ளேயே சூடு காட்டும் முள் மேலே ஏறி நின்றது.

துரைராசு தனக்குத் தெரிந்த வழியில் துப்பறிந்தார். வயலில் கட்டிய தண்ணீர் விடிந்து பார்த்தால் வடிந்திருக்கிறதா, வரப்பில் நண்டு வளை இருக்கிறது என்று அர்த்தம். கீழ்வயலில் எங்கே ஈரம் என்று பார், அங்கிருந்து மேலே நூல் பிடித்தால் வளை கிடைக்கும். வண்டி மட்டும் விதிவிலக்கா? சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் அடியில் ஒரு சாக்கை விரித்தார். காலையில் குனிந்து தடவிப் பார்த்தார். காய்ந்த சாக்கு. மறுநாளும் விரித்தார், மறுநாளும் காய்ந்த சாக்கு. பத்து நாள் இப்படிப் போனதில் முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

பக்கத்து வீட்டு டிராக்டர் டிரைவர் கண்ணுசாமி இதை ஐந்தாறு நாள் பார்த்துச் சிரித்துவிட்டு, கடைசியில் தீர்ப்புச் சொன்னான்.

“வெளிய சிந்தலேன்னா உள்ளதான் போவுது மாமா. ஹெட் போயிருச்சு.”

இன்ஜினின் தலைப்பகுதிக்குக் கீழே இருக்கும் கேஸ்கெட் கிழிந்தால் தண்ணீர் உள்ளே இறங்கி ஆயிலில் கலந்துவிடும். இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும். கண்ணுசாமி இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது, துரைராசுவின் மனைவி வானதி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காதில் எல்லாம் விழுந்தது. போன வருஷம் கியர் பாக்ஸ், அதற்கு முந்தின வருஷம் ஸ்டியரிங். அவள் எதையும் மறக்கிறவள் இல்லை. ஹெட்டைப் பிரிக்க வேண்டுமென்றால் வண்டியை விற்றுவிடுவது, வேண்டாமென்றால் வைத்துக்கொள்வது என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். அன்றைக்கே கும்பகோணத்தில் பழைய வண்டி வாங்கும் அண்ணாதுரைக்குப் போன் போட்டு, மறுநாள் நாலு மணிக்கு வந்து பார்க்கச் சொன்னாள்.

ஆக, துரைராசுவுக்கு மிச்சம் இருந்தது ஒரு காலைப்பொழுது. ஒரத்தநாட்டில் மெக்கானிக் மீரா உசேனின் பட்டறைக்கு வண்டியை உருட்டினார். வழியில் இரண்டு தரம் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. தீர்ப்பைத் தன் காதால் கேட்க வேண்டும் என்று வானதியும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மீரா உசேன் அவசரப்படுகிற மெக்கானிக் இல்லை. முதலில் ஆயில் குச்சியை உருவி, துணியில் தொட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கும் என்றார். இது கறுப்பாகவே இருந்தது. துரைராசுவுக்குப் பாதி மூச்சு வந்தது. இன்ஜின் ஆறியதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லி, உள்ளே எட்டிப் பார்த்தார். ஹெட் போயிருந்தால் குமிழ் கிளம்பும். கிளம்பவில்லை. ஆனால் உள்ளே தண்ணீர் மட்டும் என்னவோ கலங்கலாக இருந்தது.

“அண்ணே, தண்ணியத் தவிர வேற ஏதாச்சும் ஊத்துனீங்களா?”

“இல்லைங்க பாய். சுத்தமான போர் தண்ணி” என்றார் துரைராசு, எதிரே இருந்த டயர் கடை போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோலப் பார்த்துக்கொண்டு.

மீரா உசேன் மேற்கொண்டு கேட்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, துணி சோப்பைக் கரைத்து ஒரு பாட்டிலில் ஊற்றி, ஹோஸ் மாட்டியிருக்கிற இடங்களிலெல்லாம் பீய்ச்சினார். எங்கேயாவது கசிந்தால் நுரை காட்டிக்கொடுக்கும். நுரை ஒன்றும் காட்டவில்லை. ஆனால் ஃபேனுக்குப் பின்னால், வாட்டர் பம்ப்புக்குக் கீழே, எண்ணெய்ப் பிசுக்கின் மேல் சோப்புத் தண்ணீர் பட்ட இடம் குங்குமம் பூசினாற்போலச் சிவந்தது. இன்னொரு தரம் பீய்ச்சினார். சிவப்பு பக்கவாட்டில் ஓடியது, மேலே ஏறியது, இன்ஜின் உடம்பெல்லாம் தெறித்துக் கிடந்தது. முப்பது வருஷத்தில் இப்படி ஒரு கசிவை அவர் பார்த்ததில்லை. சிவப்பு கூலண்ட் ஏதும் ஊற்றினீர்களா என்று கேட்க வாயெடுப்பதற்குள் வானதி வண்டியை விட்டு இறங்கி வந்துவிட்டாள்.

அவள் ஒரு கணம்தான் பார்த்தாள். சாம்பார் சிந்திய வேட்டியில் சோப்புப் போட்டால் என்ன நிறம் வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபத்தாறு வருஷமாகத் துவைக்கிறாள்.

“பாய், இது மஞ்சப்பொடி.”

பட்டறையில் எல்லாரும் துரைராசுவைப் பார்த்தார்கள்.

எப்போதோ பட்டுக்கோட்டை ரோட்டில் ஒரு லாரி டிரைவர் சொன்னாராம், ரேடியேட்டரில் மஞ்சள் போட்டால் ஓட்டை அடைத்துக்கொள்ளும் என்று. முதல் நாள் ஒரு ஸ்பூன். நிற்கவில்லை. அப்புறம் கைப்பிடி. அப்புறம் கரண்டியோடு டப்பாவே. மஞ்சப்பொடி சீக்கிரமே தீர்ந்துகொண்டிருந்ததால், வானதி அத்தனை நாளும் மளிகைக்கடை நடராசன் எடையில் ஏமாற்றுகிறார் என்று நம்பியிருந்தாள். போன வாரம் நாலு பேர் நடுவில் அவரைக் கேட்டும்விட்டாள்.

“ஆட்டுக்குத்தான் மஞ்சத்தண்ணி ஊத்தி, தலைய ஆட்டுதான்னு பாத்து வெட்டுவாங்க” என்றாள். “நீங்க வண்டிக்கே ஊத்திட்டீங்களே.”

“தலை ஆடல அண்ணி” என்றார் மீரா உசேன், ஹெட்டைத் தட்டிக்காட்டி. “அது கெட்டியா இருக்கு. பம்ப்பு சீல்தான் போயிருக்கு.”

பம்ப்புக்கு அடியில் ஒரு சின்னத் துளை. சிவப்புக் கோடு முழுக்க அங்கிருந்துதான் புறப்பட்டிருந்தது. இன்ஜின் ஓடும்போது மட்டும் தண்ணீர் அதன் வழியே வெளியேறுகிறது, ஃபேன் அதைச் சூடான இன்ஜின்மேல் வாரி அடிக்கிறது, அங்கேயே காய்ந்துபோகிறது. நிறுத்தினால் கசிவும் நின்றுவிடும். நண்டு வளை தேடுவதுபோலப் பத்து நாள் சாக்கு விரித்துப் பார்த்த கதையைத் துரைராசு சொன்னார்.

“நண்டு வளை இருக்குண்ணே. ஆனா ஓடுற நண்டு. நீங்க அது தூங்குறப்ப சாக்கு விரிச்சிருக்கீங்க.”

துரைராசு சிரித்தார். ஹெட் போகவில்லை என்றால் யார் என்ன சொன்னாலும் சிரிக்கலாம். ஆனால் மீரா உசேன் விடவில்லை. கசிவு பாதிதான், மீதிச் சூட்டுக்குக் காரணம் மஞ்சள் போய் ரேடியேட்டர் குழாய்களில் அப்பிக்கொண்டதுதான் என்றார். கழுவியபோது முதல் தண்ணீர் கெட்டிக் குழம்பாக வந்தது. இரண்டாவது ரசமாக. ஐந்தாவது தரம்தான் தண்ணீர் தண்ணீராக வந்தது. பழைய பம்ப்பைக் கழற்றிப் புதியதை மாட்டி, முறையான கூலண்ட் ஊற்றி, பட்டுக்கோட்டை ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்தார்கள். முள் பாதியில் நின்றது. அதற்கு மேல் ஏறவே இல்லை.

மணி மூன்றேகால். துரைராசு வானதியின் முகத்தைப் பார்த்தார். அவள் பழைய பம்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்றுத் தட்டு நாளைக்கு ஏற்ற வேண்டும் என்று பொதுவாகச் சொன்னார். பதினெட்டு வயது வண்டிக்கு ஹெட் இத்தனை கெட்டியாக இருப்பது அபூர்வம் என்று பாய் சொன்னதாகச் சொன்னார். பாய் அப்படிச் சொல்லவில்லை என்பது பாய்க்குத் தெரியும். அவரும் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வானதி போனை எடுத்தாள்.

“அண்ணாதுரை சாருங்களா? வர வேணாங்க... இல்லைங்க, விக்கல... விலை பத்தாம இல்லைங்க.” மறுமுனை விடாமல் காரணம் கேட்டது போலிருக்கிறது. அவள் வண்டியை ஒரு தரம் பார்த்தாள், பிறகு துரைராசுவை ஒரு தரம். “ரிப்பேர்தாங்க. ரெண்டும் வீட்டோட பழகிருச்சு, இருந்துட்டுப் போவட்டும்.”

ரெண்டும் என்றால் எதெது என்று துரைராசு கேட்கவில்லை. ஓடிப்போய் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.