சாந்தி போட்ட நாலு மார்க்

இயர்போனின் ஒரு பக்கத்தை மகள் என் காதில் வைத்தாள். பாதிப் பாட்டுதான் கேட்டது. உடனே சாந்தியின் நினைவு வந்தது.

எண்பதுகளில், சூரமங்கலத்தில் நானும் பக்கத்து வீட்டு சாந்தியும் எங்கள் கேசட்டுகளை ஒரே ஹெட்போனில் மாறி மாறிக் கேட்டு, நோட்டில் மார்க் போடுவோம். நான் ஒன்பது போட்ட கேசட்டுக்கு ஒருநாள் அவள் நாலு போட்டாள்.

“வயலினே இல்லையே புள்ள!”

சண்டை வந்தது. அந்தக் கேசட்டில் குரல் இடது பக்கமும் வயலின் வலது பக்கமும் வரும். ஹெட்போனை இடம் வலமாகத் திருப்பி அவள் தலையில் மாட்டினேன்.

“இப்ப வயலின் மட்டுந்தான் வருது. பாடுறவரு எங்க போனாரு?”

அவள் காதுகளுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கிப் பார்த்தேன். வலது காது கேட்கவேயில்லை. அன்றுவரை அது அவளுக்கே தெரியாது. எனக்கு அழுகை வந்தது. அவளோ நோட்டைப் பிடுங்கினாள்.

“அப்படின்னா எல்லாத்தையும் திருப்பி மாட்டிக் கேட்டு, மறுபடி மார்க் போடோணும்!”