டிப்கே லூர்ஸ் காட்டிய இடம்

டிப்கே லூர்ஸ் 1799இல், லூனபர்க் புதர்வெளியில் ஆடு மேய்ப்பவரின் மகளாகப் பிறந்தாள். பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டு, நாற்பது வயதுக்குள் கணவனை இழந்தாள். ஒரு பசுவும், ரை என்னும் தானியம் விளையும் சிறு வயலும் மிஞ்சின.

அந்த வெளியெங்கும் முளைப்பது ஹைட் என்னும் குட்டைப் புதர்ச்செடி. அதை வேரும் மண்ணுமாகப் பாளம் பாளமாகப் பெயர்த்துத் தொழுவத்தில் பசுவுக்குப் படுக்கை போடுவார்கள். சாணம் ஊறிய அந்தப் பாளம்தான் வயலுக்கு எரு. அது இல்லாமல் மணலில் ஒன்றும் விளையாது. வெட்டிய இடத்தில் செடி திரும்ப வளரப் பல வருடம் ஆகும். அதனால் ஊரார் ஆண்டுக்கு ஓரிடமாக மாறி வெட்டினார்கள். வெளி எல்லாருக்கும் பொது.

1838 ஆகஸ்டில் அதைப் பங்கு பிரிக்க நில அளவைக்காரர் வந்தார். எந்த வீடு எங்கே வெட்டியதோ அங்கேயே அதற்குப் பங்கு என்பது ஏற்பாடு.

"உங்க ஹைட் எதும்மா?"

டிப்கேவுக்குக் கேள்வியே பிடிபடவில்லை. ஹைட் என்றால் செடி. செடி நிற்கும் வெளியும் அதுதான். ஞானஸ்நானம் வாங்காதவனைப் பாதிரியார் ஏசுவதும் அந்தச் சொல்லால்தான். இதில் தன்னுடையது எது?

"எல்லாமே ஹைட்தானேங்கய்யா."

"நீங்க வெட்டுற இடம்."

"போன வருஷமா, அதுக்கு முந்தியா?"

"வெட்டினதுக்கு அடையாளம் காட்டுங்க, போதும்."

அடையாளம் என்றதும் நிம்மதியாகக் கூட்டிப்போய், சென்ற ஆண்டு தான் வெட்டிய இடத்தைக் காட்டினாள். மண்வெட்டித் தடம்கூட அழியவில்லை. சுற்றிலும் ஊதாப் பூ. அங்கே மட்டும் வெறும் மணல். அவர் நான்கு மூலையிலும் முளை அடித்தார்.

மாலையில் பக்கத்து வீட்டு ஹார்ம் விசாரித்தான்.

"எதக் காட்டின?"

"வெட்டின இடத்த."

"அடி பைத்தியமே. நான் இனிமே வெட்டப்போற இடத்தத்தான் காட்டினேன்."

"அங்க நீ வெட்டினதே இல்லையே."

"எங்கப்பன் வெட்டினாரு."

மறுநாள் காலை அளவைக்காரரிடம் ஓடினாள்.

"ஐயா, அங்க வெட்டியாச்சு. இனி எங்க வெட்டுறது?"

"உங்க பங்குலதான்."

"அதுல ஒண்ணுமில்லையே."

"வளரும்ல?"

"அதுவரைக்கும் மாடு நின்னுக்கிட்டே இருக்குமா?"

அவர் வரைபடத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "ஊரே கையெழுத்துப் போட்டாச்சும்மா."

அந்தக் குளிர்காலத்தில் களஞ்சியக் கூரையின் வைக்கோலைப் பிடுங்கி மாட்டுக்குப் படுக்கை போட்டாள். கூரை தீர்ந்தபின் ஹார்ம் தன் பங்கில் வெட்டவிட்டான். பதிலுக்கு எருவில் பாதியை எடுத்துக்கொண்டான். வயல் பாதியாகச் சுருங்கியது.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அவள் பங்கு பூத்தது. மண்வெட்டியோடு போனவள் வெட்டாமல் நின்றாள். வெட்டினால் மறுபடி மணல். மாறிப்போக வேறு இடமில்லை. வெட்டாவிட்டால் பங்கு எதற்கு?

"என்ன, ஜெபம் பண்றியா?" என்றான் ஹார்ம்.

"எவ்வளவு வெட்டலாம்னு பாக்குறேன்."

"எவ்வளவு வேணும்?"

"தெரியல. ஒரு மாடு ஒரு குளிர்காலம் படுக்க."

ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்தாள். அடுத்த ஆண்டு அதையொட்டி இன்னொரு துண்டு. எதிர் மூலையை எட்டும் முன் 1857இல் இறந்தாள்.